ஆறாயிரத்து ஐநூறு

மானிட்டரின் அடிவிளிம்பில் இருந்த பொத்தான்களை மறைத்து ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. ‘தயவுசெய்து தொட வேண்டாம்’ என்று அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு. ஷேடுக்காரர் அதை நகத்தால் சுரண்டினார். நல்ல பசை. பாதி வந்தது, பாதி வரவில்லை. வராத பாதியின் மேலேயே விரலை வைத்து அமுக்கி, திரையில் பட்டியலை வரவழைத்து, நிற வெப்பநிலை என்ற இடத்துக்குப் போனார். ஆறாயிரத்து ஐநூறில் நின்றது. நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் ஒன்பதாயிரத்து முந்நூறில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எட்டு நாளாக இதே கூத்து. இவர் ஏற்றி வைப்பார், இரண்டாம் ஷிப்ட்டில் வருகிறவள் இறக்கி வைப்பாள். அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பட்டப்பெயர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவளுக்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எண்ணை ஏற்றினார். திரையிலிருந்த மஞ்சள் வடிந்து, டைல் வெள்ளையாக வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது.

வேலை என்னவோ பார்க்கிற வேலைதான். சூளையிலிருந்து வெளியே வரும் டைல்கள் ஒரு கேமராவுக்கு அடியில் வரிசையாகப் போகும், நான்கு நொடிக்கு ஒன்று. அதன் படம் நிறம் பிரிக்கிற ஷேடு ரூமின் திரையில் விழும். நல்ல வெள்ளை என்றால் ஒன்றாம் பொத்தான், கொஞ்சம் மங்கல் என்றால் இரண்டு, மஞ்சள் அடித்தால் மூன்று. மூன்றை அமுக்கினால் அந்த டைல் வரிசையை விட்டு இறங்கி, அரவை மெஷினில் விழுந்து, மறுபடி மண்ணோடு மண்ணாகப் போய்விடும். ஒன்றையும் இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பிவிட்டால் எவர் வீட்டுத் தரையோ ஒட்டுப்போட்ட துணி மாதிரி இளிக்கும். ஒத்துப் பார்ப்பதற்கு என்று ஒரு மாதிரி டைல் மேஜை இழுப்பறையில் துணி சுற்றிக் கிடந்தது. பதினோரு வருஷத்தில் அதை அவர் வெளியே எடுத்ததே இல்லை. எடுக்கத் தேவையும் வந்ததில்லை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அதே சூளையில் நெருப்போடு நின்றவர் அவர். தீயின் நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்கிறவர் என்று பெயர் எடுத்ததால்தான் அந்த நாற்காலியே கிடைத்தது. முதல் ஒரு மாதம் நாற்காலியில் உட்காரவே கூச்சமாக இருந்தது. நின்று நின்று காய்த்துப்போன உடம்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. டைல் மஞ்சள் அடித்தது. ஒரு லாட்டில் அவர் ஷிப்ட்டுக்கு வந்தது முழுக்க. பதிவேட்டில் ‘மஞ்சள், சூளையில் கவனிக்கவும்’ என்று எழுதினார். சூளையில் அப்போது நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அவர் கைகாட்டி உள்ளே வந்தவன். அவன் வியர்வை துடைத்த துண்டோடு ஷேடு ரூமுக்கே ஓடி வந்து திரையைப் பார்த்தான்.

“எங்க மாமா மஞ்சள்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“உனக்குத் தெரிஞ்சா நீ இங்க உட்கார்ந்திருப்ப. போய் சூட்டப் பாரு.”

அவன் போய்ப் பார்த்தான். மஞ்சள் அடித்தால் சூடு போதவில்லை என்பது சூளையில் பழக்கத்தில் இருக்கிற கணக்கு. கொஞ்சம் ஏற்றினான். அடுத்த லாட்டும் மஞ்சள். இவர் மறுபடி எழுதினார். அவன் மறுபடி ஏற்றினான். இவர் நான்காவது தடவை எழுதிய அன்று, சூடு தாங்காமல் டைல்கள் அப்பளம் மாதிரி வளைந்து, உள்ளே உருளைகளுக்கு நடுவே ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. சூளையை அணைக்க உத்தரவு வாங்க நேரமில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து இரும்புக் கொக்கியால் இழுத்தான். சரிந்து வந்த டைல் ஒன்று கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே முழங்கையில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். தட்டிவிடுவதற்குள் தோலோடுதான் வந்தது.

அதற்கு மறுநாள்தான் ஷேடுக்காரருக்கு மானிட்டரின் மேல் சந்தேகம் வந்தது. சூடு ஏற்றியும் போகாத மஞ்சள் என்ன மஞ்சள்? பொத்தான்களைத் தட்டித் தடவி அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தார். வெப்பநிலை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கை தானாக எண்ணை மேலே ஏற்றியது, சூளைப் பழக்கம். ஏற்ற ஏற்ற மஞ்சள் போயிற்று. கட்டுப்போட்ட கையோடு சம்பளச்சீட்டு வாங்க வந்த மச்சினனைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். மஞ்சளான பக்கத்தில் ‘சூடு’ என்றும் நீலமான பக்கத்தில் ‘குளிர்ச்சி’ என்றும் போட்டிருந்ததைப் படித்துவிட்டு அவன் அந்த வலியிலும் சிரித்தான்.

“இந்தப் பொட்டியச் செஞ்சவன் சூளைப் பக்கமே போனதில்ல மாமா. மஞ்சள் நெருப்பு ஆறின நெருப்பு. நீலமாப் போனாத்தான் சுடும். இவன் குளிர்ச்சின்னு எழுதியிருக்கான். கையை வச்சுப் பார்த்தா தெரியும் பயலுக்கு.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பொட்டி தப்பு. இவரும் தப்பில்லை, அவனும் தப்பில்லை.

கம்பெனி அப்படி நினைக்கவில்லை. எழுத்தில் உத்தரவு இல்லாமல் சூட்டை ஏற்றியது, ஒன்றே கால் நாள் சூளை நின்றது, நான்கு லாட் அரவையில் போனது. விசாரணை இன்று மதியம் ஒரு மணிக்கு. நேற்று சாயங்காலம் அவர் மனைவி பாத்திரம் தேய்த்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“பொட்டி தப்புன்னா பொட்டி தப்புன்னு சொல்லிட்டு வாங்க. பொட்டிக்கென்ன பொண்டாட்டி புள்ளையா இருக்கு? என் தம்பிக்கு இருக்கு.”

“சொல்றேன்னு சொல்லிட்டேன்ல.”

“உள்ள போனதும் வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நின்னுடாதீங்க. உங்களத் தெரியும் எனக்கு.”

பதினோரு மணி வாக்கில் கண்ணில் ஏதோ விழுந்தது. மேல்பூச்சு தெளிக்கிற பக்கத்திலிருந்து மாவு மாதிரி தூசி எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். இடது கண் எரிந்தது. உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் திரையைப் பார்த்து ஒன்றை அமுக்கினார். அடுத்ததுக்கும் ஒன்று. மூன்றாவது டைல் வந்தபோது கை நின்றது. டைல் நீலமாக இருந்தது. வெளுக்கும்போது நீலம் அதிகமாகக் கலந்துவிட்ட துணி மாதிரி, பார்த்தாலே பல் கூசும் நீலம். கையை எடுத்தார். வெள்ளை. பொத்தினார். நீலம். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். பழைய வெள்ளை, கொஞ்சம் புகை படிந்த மாதிரி.

வரிசை நான்கு நொடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் மானிட்டரின் எண்ணை ஆறாயிரத்து ஐநூறுக்கு இறக்கினார். இடது கண்ணால் பார்த்தால் நாள்பட்ட செய்தித்தாள். வலது கண்ணால் பார்த்தால் வெள்ளை. சுத்தமான, ஒரு குறையும் சொல்ல முடியாத வெள்ளை. ஐயாயிரத்துக்கு இறக்கிப் பார்த்தார், மறுபடி ஏற்றிப் பார்த்தார். திரை அப்படியேதான் இருந்தது, கண்தான் இரண்டாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து, துணியைப் பிரித்து, மாதிரி டைலை எடுத்து மடியில் வைத்து அதையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். அதிலும் அதே. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எடுத்த மாதிரி டைல், இடது கண்ணுக்குக் கறை பிடித்த பல் நிறத்தில் இருந்தது.

இடது கண். சூளைச் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை வழியாக உள்ளே எரிவதைப் பார்க்க, பத்தொன்பது வருஷமும் அவர் வைத்தது இடது கண்ணைத்தான். வலது தோளால் கொக்கியைத் தாங்கிக்கொண்டு குனிந்தால் அந்தக் கண்தான் ஓட்டைக்கு நேரே வரும். சூளையில் நின்ற எல்லோருக்கும் ஒரு நாள் கண்ணில் பால் மாதிரி புரை படிந்து பார்வை மஞ்சளிக்கும் என்று தெரியும். அது அவரவர் கண்ணில் படியும் என்றுதான் யாரும் நினைப்பதில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவும் தெரியும். அவருக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் கம்பெனி டாக்டரிடம் காட்டி, ஆபரேஷன் செய்து, நல்ல பார்வையோடுதான் திரும்பி வந்தார். கண்ணில் கத்தி பட்டவனை ஷேடு பார்க்க விடுவதில்லை என்று அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். எட்டு மாதம் பெருக்கினார். பிறகு ஆளையே காணோம்.

அப்படியானால் அந்த நான்கு லாட்டும் வெள்ளை. கண்ணாடி அதே லாட்டுகளின் மீதியை இரண்டாம் ஷிப்ட்டில் பார்த்து ஒன்று, ஒன்று என்று அமுக்கியிருந்தாளே, அதுதான் சரி. ஒரு குற்றமும் இல்லாத சூட்டை அவன் ஏற்றியது இவர் எழுதிய எழுத்தால். இழுப்பறையை மூடினார். ஒரு மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. மாற்று ஆள் வரும்வரை எழுந்து போக முடியாது. இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு டைல் பார்த்தார். கன்னம் வலித்தது.

விசாரணை ஷேடு ரூமிலேயே நடந்தது. மானிட்டரைப் பற்றிப் புகார் என்று கேள்விப்பட்டு மேனேஜர் ஒரு கம்ப்யூட்டர்காரரையும் வரவழைத்திருந்தார். கண்ணாடி ஷிப்ட்டுக்கு முன்னாலேயே வந்து சுவரோரம் நின்றாள். மச்சினன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வரிசையை இருபது நிமிஷம் நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் எல்லோரும் தேவைக்கு மேல் மெதுவாகப் பேசினார்கள்.

“சார், பொட்டிலதான் தப்பு. மாமா கண்டுபிடிச்சாரு. அந்த நம்பர ஏத்தி வச்சா மஞ்சளே இல்ல சார்,” என்று மச்சினன்தான் ஆரம்பித்தான். நம்பிக்கையாக அவரைப் பார்த்தான். “சொல்லுங்க மாமா.”

ஷேடுக்காரர் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி முந்திக்கொண்டாள். “அண்ணன் ஏத்தி வச்சுட்டுப் போறாரு சார். அதுல பார்த்தா பால் ஊத்தினாக்கூட நீலமாத் தெரியும். எனக்குத் தலைவலி வந்து ராத்திரி தூக்கமே இல்ல.”

கம்ப்யூட்டர்காரர் பையிலிருந்து எலி மாதிரி ஒரு சின்னக் கருவியை எடுத்து, திரையின் நடுவில் ஒட்டித் தொங்கவிட்டார். எண்கள் ஓடின. நின்றன. “ஆறாயிரத்து ஐநூறுல வச்சா துல்லியமா இருக்கு சார். மானிட்டர்ல ஒரு குறையும் இல்ல. ஒன்பதாயிரத்து முந்நூறு நீலம். அதுல மஞ்சள் டைல வச்சாலும் வெள்ளையாத்தான் காட்டும்.” கருவியைப் பிடுங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. எதையும் ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்க்கிறவர். அவருக்கு வெள்ளை எல்லாம் வெள்ளைதான், அதை அவரே ஒத்துக்கொள்வார். இன்று காலை சூளையிலிருந்து வந்த டைல் ஒன்றைக் கேமராவுக்கு அடியில் வைக்கச் சொன்னார். ஆறாயிரத்து ஐநூறில் அதன் படம் திரையில் வந்தது.

“இப்ப நீங்க சொல்லுங்க. இது மஞ்சளா, வெள்ளையா?”

ஷேடுக்காரருக்கு அது மஞ்சளாகத்தான் தெரிந்தது. புருவத்தைச் சொறிவதுபோல இடது கையைத் தூக்கினார். உள்ளங்கை கண்ணை மூடியது. டைல் வெளுத்தது. பொய் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்ற ஒரே நினைப்பில் சொன்னார்.

“வெள்ளை சார்.”

“நீ என்னம்மா சொல்ற?”

“வெள்ளைதான் சார். ஆனா அன்னைக்கும்...”

“இரும்மா.” மேனேஜர் மச்சினன் பக்கம் திரும்பினார். “பாருப்பா. இன்னைக்கு வெள்ளை. அன்னைக்கு மஞ்சள். மானிட்டர் அதே மானிட்டர். பார்த்த கண்ணும் முப்பது வருஷக் கண்ணு. அப்ப மாறினது எது? சூளையில இன்னைக்கு நீ இல்ல. அவ்வளவுதானே?”

ஷேடுக்காரர் தன் உண்மை எங்கே போய் விழுந்தது என்பதை அப்போதுதான் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். சார், என் கண்ணு போச்சு. நான்கு வார்த்தை. அவர் அதை நாக்கின் மேல் வைத்துப் பார்த்தார். அந்த விளக்குமாறு நினைவுக்கு வந்தது. மனைவி நினைவுக்கு வந்தாள், ஆனால் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியவில்லை. கை இன்னும் புருவத்திலேயே இருந்தது. அதை இறக்கியபோது மச்சினன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முகத்தை இல்லை. கையை. பிறகு அந்தக் கை மூடியிருந்த கண்ணை. சூளையில் நிற்கிற எவனும் அப்படி ஒரு கையைப் பார்த்தால் இரண்டாம் தடவை கேட்க மாட்டான்.

“சார்,” என்றார் ஷேடுக்காரர்.

“என் தப்புதான் சார்,” என்றான் மச்சினன், அதே நேரத்தில், கொஞ்சம் சத்தமாக. “காத்து விடுறத சரியா வைக்கல. அதான் மஞ்சள் அடிச்சுது. சொன்னா திட்டுவீங்கன்னு சூட்ட ஏத்தி மறைக்கப் பார்த்தேன்.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் மேனேஜர், வருத்தமாகவே. பிறகு ஷேடுக்காரரிடம், “நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?”

“இல்ல சார்.”

கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மச்சினன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். வரிசை மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது மச்சினன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருந்தான். சூளையில் வைத்திருந்த சாமான்களை ஒரு சாக்கில் திணித்து, கேரியரில் ஏற்றி, ஒற்றைக் கையால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். சாக்கு சரிந்தது. மறுபடி தூக்கி வைத்தான். ஷேடுக்காரர் போய்ச் சாக்கைப் பிடித்துக்கொண்டார்.

“கம்பெனி டாக்டர்கிட்ட போயிடாதீங்க,” என்றான், கயிறு வாயில் இருந்ததால் வார்த்தை நசுங்கி வந்தது. அதைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னான். “வேற ஊர்ல போய்க் காட்டுங்க. லீவுக்கு வேற காரணம் எழுதுங்க. நான் செத்துட்டேன்னு எழுதினாலும் சரி.”

“டேய்.”

“இந்தக் கையில இனி கொக்கி பிடிக்க முடியாது. எப்படியும் மூணு மாசத்துல அனுப்பியிருப்பான். ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தன் போறது மேல். உங்களுக்காகப் பண்ணேன்னு நினைச்சுக்காதீங்க. எங்க அக்காவுக்காக.” முடிச்சுப் போட்டான். அது நிற்கவில்லை. “இறுக்கிப் பிடிங்க மாமா. சொல்லணும்னு இருந்தா நான் வாய் திறக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பீங்க. விடுங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் எனக்கும் வாய் வந்திருக்காது.”

அவர் இறுக்கிப் பிடித்தார். இருவரும் சாக்கின் இரண்டு பக்கமும் தலை முட்டுகிற மாதிரி குனிந்து நின்றார்கள். கட்டுப்போட்ட கை அவர் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. மருந்து வாடை அடித்தது, அதற்கடியில் இன்னொரு வாடையும் அடிப்பதுபோல இருந்தது. கட்டுத்துணி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்தது. ஊறிய மஞ்சள்.

“கட்டு மாத்தினியா?”

“காலையிலதான் மாத்தினாங்க.” மச்சினன் கையை இன்னும் கொஞ்சம் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே காட்டினான். “உள்ள கொஞ்சம் தினவெடுக்குது, அதான் பயமா இருக்கு. பாருங்க, வெள்ளையாத்தானே இருக்கு?”

இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்திருந்தார் அவர், இடது கண்ணைப் பொத்தக் கை இல்லை; அவன் பார்க்க அதை இறுக மூடவும் மனம் வரவில்லை. வெயில் நேராக அந்தத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கையை இறக்காமல், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.